வித்தியாசம்

நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்:
திட்டம், செலவு, வித்தியாசம்.
கோழிப்பண்ணை ஆபீசில்
பதினாலு வருசமாகப் போடுகிற அதே கட்டம்.
அங்கே ஒண்ணே முக்கால் கிலோ தீவனம் தின்றால்
கோழி ஒரு கிலோ ஏற வேண்டும்.
ஏறாவிட்டால் ஏனென்று கேட்க
பைக்கில் ஒரு சூப்பர்வைசர் வருவான்.

பதினோரு சதுரம்,
சதுரம் இரண்டு லட்சத்து இருபதாயிரம் என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் இன்ஜினியர் கவின்குமார்.
பல்லடத்துக் கரிசல் அந்தத் தாளைப் படிக்கவில்லை.
ஐந்தடி என்று ஆரம்பித்தது
ஏழரையில்தான் கெட்டி கண்டது.

வானம் தோண்டுவது என்பார்கள் அஸ்திவாரக் குழியை.
எங்கள் வானம்
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் தின்றது,
ஒரு நட்சத்திரம்கூட இல்லாமல்.
"இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத செலவுங்க்கா" என்றார்.
தெரிந்தது.
மூன்றாவது கட்டத்தில், சிவப்பு மையில்.

அதற்கப்புறம்தான் குறைக்கப் பழகினேன்.
தேக்கு, வாசக்காலோடு சரி. உள்கதவெல்லாம் வேம்பு.
கிரானைட் அடுப்படியைத் தாண்டவில்லை.
கார் நிறுத்த முன்னால் இடம் வேண்டும் என்றார் சென்னியப்பன்.
கார் எங்கே என்றேன்.
மூன்று நாள் பேச்சில்லை;
அந்த மூன்று நாளில் எழுபதாயிரம் மிச்சம்.
வாஸ்து பார்க்க வந்தவர்
படிக்கட்டை ஒரே விரலால் தெற்கே நகர்த்தினார்.
அந்த விரல் முப்பத்தெட்டாயிரம்.

வேலை முடிந்த பொழுதில்
காலி சிமெண்ட் சாக்கை எண்ணுவேன்.
தொட்டியில் கைகால் கழுவிக்கொண்டே
பார்த்துக்கொண்டிருப்பார் மேஸ்திரி அங்கமுத்து.
ஒருநாள் நான் போகும்போது
பத்துப் பத்தாகக் கட்டி அடுக்கி வைத்திருந்தார்,
சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு.
எனக்குக் காது சுட்டது.
ஆனாலும் எண்ணினேன்.
அடுத்த நாளும் எண்ணினேன்.
சரியாகத்தான் இருந்தது.

ராத்திரியில் செங்கல் விலை கனவில் வரும்.
எம்சாண்ட் லோடு ஒன்று
வாசலில் கொட்டாமலே திரும்பிப் போகும்.
ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
வளையல் இரண்டு பேங்குக்குப் போயிற்று.
மணிக்கட்டு லேசாக இருந்ததில்
தளம் போட்ட அன்று
ஜல்லிக் கூடைக்குக் கை கொடுக்க முடிந்தது.

புதுமனைக்கு வந்த மொய்யை
வரவில் எழுதச் சொன்னார் கொழுந்தனார்.
எழுதவில்லை.
மொய் வரவல்ல, தேதி போடாத கடன்.

மாடியை மட்டும் மொத்தமாக அடித்துவிட்டேன்,
ஒரே கோடு, ஸ்கேல் வைத்து.
"தூணுக்கு மேல நீட்டிட்டு இருக்கிற கம்பிய அறுத்துப் போட்டுரலாமுங்க்கா,
பழைய இரும்புக்கு நல்ல விலை இருக்குது."
இருக்கட்டும் என்றேன்.
ஏன் என்று கவின்குமார் கேட்கவில்லை.
சூப்பர்வைசரும் இல்லை.

ஒன்பது தூண், தூணுக்கு ஆறு, ஐம்பத்து நாலு கம்பி.
துரு ஏறாமல் சிமெண்ட் பால் பூசி
தலைக்கு ஒரு காலித் தண்ணீர் பாட்டில்
கவிழ்த்து வைத்தாள் மகள்.
கீழ்க்கம்பிகளில் யூனிபார்ம் காய்கிறது.

ஆடிக் காற்று கணவாய் வழியாக வந்து
மேற்கே காற்றாலைகளைச் சுற்றிவிட்டு
மிச்சத்தை எங்கள் தலைக்கு மேல் இறக்குகிறது.
ஐம்பத்து நாலு பாட்டிலும் கடகடவென்று ஆடுகின்றன.
ஐந்தாம் தேதி தவணை.
தூக்கம் வராமல் படுத்திருக்கிறோம் இருவரும்,
ஒருவருக்கொருவர் தூங்குவதுபோல.

"மாடிக்கு எத்தன ஆகும்னு போட்டுப் பாத்தியா?" என்றார் இருட்டுக்குள்.
பேசாமத் தூங்குங்க என்றேன்.

போட்டுப் பார்த்திருந்தேன்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்,
பென்சிலில்.